மூன்றாவது கேமராவில் அதே காட்சி

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி எழுதத் துணிந்ததை வாசகர்கள் முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். இதுவரை நான் எழுதியவை விண்ணப்பங்களும், ஆய்வகப் பதிவேடுகளும், உறவினருக்கு நலம் விசாரித்த கடிதங்களும் மட்டுமே. இதைக் கதை என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் குறிப்பேடு ஒன்றில் நான் எழுதிய ஒரே ஒரு சொல்லால் ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பதை, அந்தச் சொல்லை எழுதிய கையே எழுதி வைப்பது முறை என்று எனக்குத் தோன்றியது. பிழைகள் இருப்பின் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் சாமுண்டீஸ்வரி. மின்னணுவியலில் பட்டயம் பெற்று, வேலைக்காகப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு முதல் நான்காண்டுகள், ஆவடியில் சேக்காட்டுக்குப் போகும் சாலையில் இருந்த கஜபதி அவர்களின் வீடியோ கடையில் பணியாற்றினேன். கடை, ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. கீழே மில் ஓடும்போது மாடியில் மின்னழுத்தம் இறங்கும். திரையில் மணமக்கள் நடுங்குவார்கள். ஆகவே நுணுக்கமான வேலைகளையெல்லாம் மில்காரர் சாப்பிடப் போகும் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். இன்றும் எங்கேனும் மிளகாய்த்தூள் நெடி வந்தால், எனக்கு நாதசுர ஓசை சேர்ந்தே காதில் விழுகிறது.

கஜபதி, சேக்காட்டின் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எருமைகள் கட்டியிருந்த கொட்டகையில்தான் அவர் கேமராப் பெட்டிகளை வைத்திருந்தார். சந்தேகம் வந்தால் எழுதிப் பார்க்கும் வழக்கம் எனக்கு இருந்ததால், என்னை ‘டீச்சரம்மா’ என்றே அழைப்பார். அவரிடம் இரண்டு கேமராக்காரர்கள் இருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து வரும் சுலைமான் நிதானமானவர். அவர் எடுத்தால் மேடை கோணாது. காட்டுப்பாக்கத்துப் பால்ராஜ் துறுதுறுப்பானவர். எடுத்ததை உடனே ஓட்டிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

அந்தப் பழக்கத்தால் ஒரு தொல்லை உண்டு. எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மூலக் கேசட்டுகளிலிருந்து தேர்ந்து, சேர்த்து, ஒரே கேசட்டாக்கி வாடிக்கையாளரிடம் கொடுத்து, அவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டால், மூலக் கேசட்டுகளை அடுத்த விசேஷத்துக்கு எடுத்துக்கொள்வோம். பழையதன் மேலேயே புதியது பதிவாகும். பால்ராஜோ, எடுத்ததை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி எடுக்கத் தொடங்கும்போது சற்று முன்னால் தள்ளித் தொடங்கிவிடுவார். நடுவே சில வினாடிகள், பழைய பதிவு அழியாமல் நின்றுவிடும். ஒருமுறை காதுகுத்து விழா ஒன்றில், குழந்தை வீறிட்டு அழும் நேரத்தில், யாரோ ஒரு மாப்பிள்ளை குறுக்கே வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

“டேய் பால்ராஜு, பழைய கல்யாணம் எட்டிப் பாக்குதுடா!” என்று கத்தினார் கஜபதி.

“இன்னா பண்றது அண்ணாத்தே, அந்த மாப்ளைக்கு உன் கட மேல அவ்ளோ பாசம்.”

“ஆமா பாய், இவனுக்கு மட்டும் ரெண்டு கல்யாணம் ஒரே கேசட்ல நடக்குது,” என்று சுலைமானிடம் முறையிட்டார் கஜபதி. சுலைமான் சிரித்துவிட்டு, லென்சைத் துடைப்பதைத் தொடர்ந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில் கஸ்தூரி அம்மாள் கடைக்கு வந்தார். டேங்க் பாக்டரியில் பண்டகப் பிரிவில் வேலை பார்த்தவர். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால், கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. எட்டாண்டுகளாக ஒற்றை ஆளாய் மகள் தாட்சாயிணியைப் படிக்க வைத்து, அப்போது கல்யாணமும் நிச்சயித்திருந்தார். மாப்பிள்ளைக்கு ஜபல்பூரில் வேலை.

“ஒரே கேசட்டாத்தான் வேணும் தம்பி. பொண்ணு ரயில்ல தூக்கிட்டுப் போகணும்,” என்றார்.

கஜபதி அப்போதுதான் மூன்றாவது கேமரா வாங்கியிருந்தார். பாக்டரி குவார்ட்டர்ஸ் முழுவதும் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை. “மூணு கேமரா போட்றேம்மா. எந்தப் பக்கம் திரும்புனாலும் உன் பொண்ணு தெரியும். நீயும் தெரிவே.”

“நான் எங்க தெரியப் போறேன்?” என்று சிரித்தார் கஸ்தூரி அம்மாள். “எங்க அண்ணனும் அண்ணியும்தான் தாரை வாக்கறாங்க. நான் மேடைக்கெல்லாம் வர மாட்டேன்.”

கணவரை இழந்தவர் என்பதால் அப்படிச் சொன்னார். அது எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த வழக்கம். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அது அன்றைக்கு உறுத்தவில்லை.

கல்யாணம் குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் நடந்தது. சுலைமான் மேடைக்கு நேர் எதிரே நின்றார். கஜபதி இரண்டாவது கேமராவுடன் வந்தவர்களையெல்லாம் எடுத்தார். பால்ராஜ், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மேடைக்குப் போகும் பக்கக் கதவருகே நின்றார். பந்தியையும் எடுக்கலாம், திரும்பினால் மேடையும் தெரியும். நான் போகவில்லை. எனக்கு அந்தக் கல்யாணம் மூன்று கேசட்டுகளாகத்தான் வந்து சேர்ந்தது. மொத்தம் ஏழு மணி நாற்பது நிமிடம். அதை மூன்று மணி நேரக் கேசட் ஒன்றில் அடக்க வேண்டும்.

“அடங்குமா டீச்சரம்மா?”

“முயன்று பார்க்கிறேன் சார்.”

“முயல்றதெல்லாம் பள்ளிக்கூடத்துல. இங்க அடக்கணும்.”

நான் ஒரு நீளக் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிட்டேன். கேசட்டை ஓட்டும் டெக்கின் எண்காட்டியில் ஓடும் எண்ணை இடது ஓரத்தில் எழுதி, அந்த நேரத்தில் ஒவ்வொரு கேமராவும் எதைப் பார்த்தது என்று எதிரே குறித்தேன். முதல் கேமராவை அப்படியே எடுத்துக்கொள்வது. அது பார்க்காத ஒன்றை மற்ற இரண்டும் பார்த்திருந்தால் அதை மட்டும் சேர்ப்பது. மூன்றும் ஒன்றையே பார்த்திருந்தால் மற்றவற்றில் ‘அதே’ என்று எழுதி விட்டுவிடுவது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்ததாக எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். பின்னாளில் பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த பிறகு, பல கேமராக்களின் படங்களைக் கணினியில் ஏறக்குறைய இப்படித்தான் சுருக்குகிறார்கள் என்று ஒரு விரிவுரையாளர் விளக்கக் கேட்டேன். ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் அதிலிருந்து வேறுபடுவதை மட்டும் சேர்த்து வைப்பது. ‘அதே’ என்று முடிவு கட்டும் முன் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும் என்றும் அவர் சொன்னார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த எனக்கு, அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

ஏனெனில் நான் ஒப்பிடவில்லை. முகூர்த்த நேரத்தில் பால்ராஜின் கேசட்டை வேகமாக ஓட்டியே பார்த்தேன். தொலைவில் மேடை தெரிந்தது; மேடையில் அதே மணமக்கள். முன்னால் யாரோ மறைத்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. கீழே மில் ஓடத் தொடங்க ஐந்து நிமிடமே இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: ‘1840 முதல் 2110 வரை. மூன்றாவது: அதே.’

பதினோரு நிமிடம் மிச்சமாயிற்று. அந்த இடத்தில், பந்தியில் பாயசம் பரிமாறும் காட்சியைச் சேர்த்தேன்.

கேசட் தயாரானதும் கஸ்தூரி அம்மாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, ஸ்டூலில் அமர்ந்து முழுவதையும் பார்த்தார். உறவினர் ஒவ்வொருவராக வரும்போது பெயர் சொல்லி எனக்கு அறிமுகம் செய்தார். தாலி கட்டும் காட்சி வந்தபோது முன்னால் குனிந்து, திரையின் மூலைகளைப் பார்த்தார். காட்சி முடிந்து பாயசம் வந்தது.

“அவ்வளவுதானாம்மா?”

“ஆமாம் அம்மா. தெளிவாக இல்லையா?”

“தெளிவா இருக்கு.” பிறகு, “அந்தப் பால்ராஜ் தம்பி எடுத்ததுல ஒண்ணும் வரலையா?” என்று கேட்டார்.

“அதுவும் இதே காட்சிதான் அம்மா. பக்கவாட்டில் இருந்து எடுத்தது. முன்னால் ஆள் வேறு மறைக்கிறது. இதுதான் நன்றாக இருக்கிறது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். “சரிம்மா. படிச்ச பொண்ணு, பாத்துத்தான் செஞ்சிருப்பே,” என்று சொல்லிவிட்டுக் கேசட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கேசட் அப்போது என் தலைக்கு மேலே, கை எட்டும் அலமாரியில்தான் இருந்தது. அவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டதால், மூன்று நாட்கள் கழித்துப் பால்ராஜ் அதைக் காட்டுப்பாக்கத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுத்துப் போனார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஜபல்பூரிலிருந்து கடை முகவரிக்குக் கடிதம் வந்தது. தாட்சாயிணி எழுதியிருந்தார். கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அவர் எழுதியதன் சாரம் இது:

கல்யாணத்துக்கு முந்தைய நாள் தாய்க்கும் மகளுக்கும் பெரிய வாக்குவாதம். தன் பக்கத்தில் அம்மாதான் நிற்க வேண்டும் என்றார் மகள். மாப்பிள்ளை வீட்டார் ஏதேனும் சொல்லிவிடுவார்கள் என்று தாய் மறுத்துவிட்டார். தாலி ஏறும்போது மகள் கூட்டம் முழுவதும் தேடியிருக்கிறார். அம்மா கண்ணில் படவில்லை. சமையற்கட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார் என்றே நினைத்தார். கல்யாணத்தன்று மாலை, “நான் பாத்தேன்டி, பக்கக் கதவுகிட்ட நின்னு பாத்தேன், அந்தக் கேமராத் தம்பி கூட எடுத்தாரு, கேசட்ல பாரு,” என்று தாய் சொன்னாராம். கேசட்டில் இல்லை. நான்கு முறை பார்த்துவிட்டார். மனத்தைத் தேற்றுவதற்காக அம்மா பொய் சொல்லியிருக்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டது. அதன்பின் அவருக்குக் கடிதம் எழுதக் கை வரவில்லை. ‘அம்மா அங்கே நின்றாரா, இல்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும்,’ என்று கடிதம் முடிந்திருந்தது.

நான் பால்ராஜிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“நின்னாங்க மேடம்! சோடாப் பெட்டிய கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னாங்க. நான்தான் சொன்னேன், ‘பயப்படாதேம்மா, உன்ன எடுத்துகினுதான் கீறேன்’னு. அத நீங்க போடலையா?”

“இல்லை,” என்றேன். “அதே என்று எழுதிவிட்டேன்.”

பால்ராஜ் தம் தோள்பையைத் திறந்தார். மறுநாள் செம்பரம்பாக்கத்தில் ஒரு விசேஷம். அதற்காகக் கேசட்டுகளை முன்பே எடுத்து வைத்திருந்தார். மூன்றாவது கேசட் பையின் அடியில் கிடந்தது.

மில் நின்றதும் டெக்கில் போட்டோம். காட்டுப்பாக்கத்துப் பெண்குழந்தை மாலையும் கழுத்துமாக வெட்கத்துடன் அமர்ந்திருந்தாள். வரிசைத் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எண்காட்டி 1840-ஐத் தொட்டது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, புடவைத் தட்டு, மறுபடியும் தேங்காய். கஜபதி எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார். சுலைமான், “கடவுள் விட்டு வெச்சிருப்பான், பாரும்மா,” என்றார்.

1962. படம் ஒருமுறை கிழிந்து சேர்ந்தது.

தட்டுகள் மறைந்து, ஒரு முதுகு தெரிந்தது. சந்தன நிறப் புடவை, பச்சைக் கரை. பெட்டியின் மேல் நின்றிருந்ததால் தலை படச்சட்டத்துக்கு மேலே போய்விட்டது. பின்கொண்டை மட்டும் தெரிந்தது. இடது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அதன் ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணிக்கட்டு. வலது கை இறுக மூடி, தோளுக்குப் பக்கவாட்டில் உயர்ந்து நின்றது. விரலிடுக்கில் ஒரு மஞ்சள் அரிசி. குதிகால்கள் பெட்டியை விட்டு எழும்பின. உடனே படம் மறுபடி கிழிந்து, காட்டுப்பாக்கத்துப் பழத்தட்டு வந்துவிட்டது.

ஒன்பது வினாடி. மூன்று முறை அளந்தேன்.

“வெறும் முதுகுதானே தெரியுது,” என்றார் கஜபதி தயக்கமாக. “மேடையும் தெரியல, மொகமும் தெரியல. எப்ப எடுத்ததுன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படிப் புரியும் டீச்சரம்மா?”

“அண்ணாத்தே, கண்ண மூடிகினு கேளு,” என்றார் பால்ராஜ்.

மறுபடி ஓட்டினோம். ஒலியைக் கூட்டினேன். முதலில் கூட்டத்தின் இரைச்சல். மூன்றாவது வினாடியில் ஒரு குரல், “கெட்டி மேளம், கெட்டி மேளம்!” என்றது. தவிலும் நாதசுரமும் ஒன்றாகப் பொங்கின. அந்தப் பொங்கலில்தான் அவருடைய குதிகால்கள் எழும்பின.

தாலி ஏறும் கணத்தில் அல்லாமல் அந்த மேளம் வேறெப்போதும் அப்படி ஒலிக்காது. கஜபதி கண்ணைத் திறக்காமலேயே, “உன் கெட்ட பழக்கத்த இனிமே திட்ட மாட்டேன்டா,” என்றார்.

“எழுதிக் குடு அண்ணாத்தே.”

“அடுத்த கல்யாணத்துல எட்டிப் பாத்துச்சின்னா ஒதப்பேன்.”

புதுக் கேசட் ஒன்றில் அந்த ஒன்பது வினாடியைப் பதிந்தேன். கண்ணிமைத்தால் தவறிவிடுமே என்று மேலும் மூன்று முறை அடுத்தடுத்துப் பதிந்தேன். என் தவற்றை விளக்கி, மன்னிப்புக் கோரி, இரண்டு பக்கக் கடிதமும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூலக் கேசட்டைப் பால்ராஜின் பையில் மறுபடி வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. செம்பரம்பாக்கத்துக்கு வேறு கேசட் போயிற்று.

தீபாவளிக்கு முன் தாட்சாயிணியின் பதில் வந்தது. இரண்டே வரிகள். ‘விரல் கட்டு நான் போட்டது. அன்று விடிந்ததும், வாழைக்காய் நறுக்கும்போது அம்மாவின் விரல் வெட்டுப்பட்டது, கோபத்தோடுதான் கட்டிவிட்டேன்.’

பொங்கலுக்கு அவர் ஊருக்கு வந்திருந்தபோது தாயும் மகளுமாகக் கடைக்கு வந்தார்கள். கஸ்தூரி அம்மாளின் வீட்டில் டெக் இல்லை. அவர் அந்தத் துண்டைப் பார்த்திருக்கவில்லை. மில்லுக்குப் பொங்கல் விடுமுறை. திரை நடுங்காமல் நின்றது.

தம் முதுகைத் தாமே பார்த்துவிட்டுக் கஸ்தூரி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். “இது என்னடி, நெல்லுக் குதிர் மாதிரி நிக்கறேன்!”

“கைய ஏம்மா அப்படி இறுக்கி வெச்சிருந்தே?”

“அட்சதைடி. இதுக்கப்புறம்தான் போட்டேன். வீசினேன், ஆனா மேடை வரைக்கும் எங்க போவுது? முன்னால ஒருத்தர் நின்னாரே, உங்க மாமனார் வழி சொந்தம், அவரு வழுக்கத் தலையில விழுந்துச்சு. மனுஷன் மேல அண்ணாந்து பாக்கறாரு, கூரையிலேருந்து ஏதோ கொட்டுதுன்னு!”

எல்லோரும் சிரித்தோம். பால்ராஜ், “ஆமா மேடம், அதுவும் எடுத்தேன்,” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். தாட்சாயிணி மட்டும் சிரிக்காமல், தாயின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, வெட்டுப்பட்ட தழும்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

“அப்புறம் என்னம்மா பண்ணினே?”

“அப்புறம் அழுதேன். அதெல்லாம் கேசட்ல எதுக்கு?” என்றார் கஸ்தூரி அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதேம்மா. ஆள் மறைக்குதுன்னு சரியாத்தான் சொன்னே. மறைச்சது நான்தானே,” என்றார்.

அவர் அப்படிச் சொல்லிவிட்டார். இருந்தாலும் நான் கணக்காக எழுதிப் பழகியவள். இதையும் அப்படியே எழுதி முடிக்க அனுமதி வேண்டுகிறேன்.

முகூர்த்த நேரத்தில் மூன்றாவது கேமரா பதிந்தது பதினோரு நிமிடம். மீண்டது ஒன்பது வினாடி. இழந்தவை: கஸ்தூரி அம்மாள் சமையற்கட்டிலிருந்து கதவருகே வந்தது. சோடாப் பெட்டியைத் தேடிக் கவிழ்த்தது. பால்ராஜ் சொன்ன தைரியத்துக்கு அவர் தலையசைத்தது. அட்சதை கையை விட்டுப் போனது. வழுக்கைத் தலைக்காரர் அண்ணாந்து பார்த்தது. பெட்டியிலிருந்து இறங்கும்போது தெரிந்த கஸ்தூரி அம்மாளின் முகம். அவர் அழுதது. மகள் கடிதம் எழுதாமல் இருந்த நாட்கள், முப்பத்தேழு.